காப்பீட்டுப் பணம் ஊர் திரும்பும் வழிகள்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்கள் தாம் இயங்கும் ஊர்களுக்குத் 'திருப்பித் தருகின்றன' என்று கூறப்படும்போது, நிறுவனச் சமூகப் பொறுப்பு என்னும் சட்டக் கடப்பாட்டின்கீழ் வழங்கப்படும் நன்கொடைகளே பெரும்பாலும் சுட்டப்படுகின்றன. அந்நன்கொடை காப்பீட்டுப் பணத்தின் மிகச் சிறிய கூறு. ஊருக்குத் திரும்பும் பெரும்பணம் இழப்பீட்டின் வழியாகவே வருகிறது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வழங்கும் மொய் விருந்தையும் அருகருகே வைத்து, 'திருப்பித் தருதல்' எவ்வழிகளில் நிகழ்கிறது, அதை ஊர் எந்த அளவுக்குக் காண முடிகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடல்நலக் காப்பீடு, நிறுவனச் சமூகப் பொறுப்பு, இழப்பீட்டு விகிதம், மொய் விருந்து, புதுக்கோட்டை மாவட்டம், ஊராட்சி.

முன்னுரை

ஓர் ஊரிடமிருந்து வருவாய் பெறும் அமைப்பு அவ்வூரின் நோய் தீர்க்க என்ன செய்கிறது என்னும் வினா தமிழகத்தில் பழமையானது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயில் வருவாயிலிருந்து நடத்தப்பட்ட 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அங்கிருந்த மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிமகளிர் ஆகியோர்க்குரிய ஊதியத்தையும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் பட்டியலிடுகிறது. நிலம் கொடுத்த வருவாய் எவ்வளவு, அதில் எவ்வளவு யாருக்குச் சேர வேண்டும் என்பது கல்லில் வெட்டப்பட்டு ஊரார் கண்முன் நின்றது. பயனாளிகள் யாவர், எவர் விலக்கப்பட்டனர் என்பவை தனி ஆய்வுக்குரியன. கணக்கு வெளிப்படையாக இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இன்று அவ்விடத்தில் காப்பீட்டு நிறுவனம் நிற்கிறது. அச்சொல்லையே முதலில் நோக்கலாம். தமிழ்நாட்டில் 'காப்பீடு' என வழங்குவதை ஈழத்தமிழர் 'காப்புறுதி' என்பர். முன்னதில் 'ஈடு' நிற்கிறது. பின்னதில் 'உறுதி' நிற்கிறது. ஈடு என்பதற்கு ஒப்பு, பிணை, இழந்ததற்கு மாற்று என்னும் பொருள்கள் உண்டு. ஈடு கொடுத்தல் கொடையாகாது, கைம்மாறும் ஆகாது. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் மழையை எடுத்துக்காட்டாக்கிப் பேசுவது கைம்மாறு கருதாத உதவியை. காப்பீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு வழங்கும் இழப்பீடோ ஒப்பந்தத்தால் விளைந்த கடன். அதே நிறுவனம் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தந்தால் அது கொடை. நாளிதழ்ச் செய்திகளில் இடம்பெறுவது இரண்டாவது. ஊரின் நலத்தைத் தீர்மானிப்பது முதலாவது. இவ்விரண்டும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 16,18,345 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தில் ஐவரில் நால்வர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். 13 ஊராட்சி ஒன்றியங்களும் பல நூறு ஊராட்சிகளும் உள்ளன. பெருநிறுவனத் தலைமையகங்கள் இங்கு இல்லை. எனவே, காப்பீட்டு நிறுவனத்தின் 'உள்ளூர்' எது என்னும் வினாவை எழுப்ப இம்மாவட்டம் பொருத்தமானது.

சட்டம் கூறும் கொடை

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்போ, 1,000 கோடிக்குக் குறையாத விற்றுமுதலோ, 5 கோடிக்குக் குறையாத நிகர ஆதாயமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவை அத்தகைய பணிகள் என்பதை ஏழாம் அட்டவணை வரையறுக்கிறது. அவற்றுள் பசி, வறுமை, ஊட்டக்குறை ஒழிப்பும், நோய்த்தடுப்பு உள்ளிட்ட நலவாழ்வுப் பணிகளும் முதலிடத்தில் உள்ளன. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. எனினும் அது கட்டாய விதியாக அன்றி வழிகாட்டுதலாகவே அரசால் விளக்கப்பட்டுள்ளது.

காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை இங்கு இரு நுட்பங்கள் கவனத்திற்குரியவை. முதலாவது, இச்செலவு பங்குதாரர் கணக்கில் எழுதப்படுவது. காப்புக்கட்டணம் செலுத்தியோரின் தொகுப்பிலிருந்து அது எடுக்கப்படுவதில்லை. இரண்டாவது, நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாக நிகழும் எதுவும் சமூகப் பொறுப்புச் செலவாகக் கொள்ளப்படமாட்டாது. இழப்பீட்டை விரைந்து வழங்கினாலும், ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தாலும், அவை இக்கணக்கில் ஏறா. தொழிலை நேர்மையாகச் செய்வதற்குக் கொடைப் பெயர் கிடையாது என்பது சரியான விதியே. ஆனால் அதன் பக்கவிளைவாக, நிறுவனத்தின் சமூகப் பயனை அளக்க முற்படுவோர் கண்ணில் கொடை மட்டுமே படுகிறது.

சட்டத்தின் வாய்பாட்டில் மற்றொரு முரணும் உண்டு. நட்டமடைந்த நிறுவனத்தின் சராசரி ஆதாயம் சுழியத்திற்குக் கீழே போனால் அதன் கடப்பாடும் சுழியமாகிவிடும். கொரோனாப் பெருந்தொற்றுக் காலமான 2020–21, 2021–22 ஆகிய இரு நிதியாண்டுகளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனம் இழப்பீடுகள் பெருகியதால் பல நூறு கோடி ரூபாய் நட்டம் கண்டது. சென்னையிலேயே தலைமையகம் கொண்ட பொதுத்துறை நிறுவனமாகிய யுனைடெட் இந்தியா, 2018–19 முதல் 2023–24 வரையிலான ஆண்டுகளில் தொடர்ந்து நட்டத்தில் இயங்கியது. தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தை அதே ஆண்டுகளில் நடத்தி வந்ததும் யுனைடெட் இந்தியாவே. 135ஆம் பிரிவின் அளவுகோலால் அளந்தால் அந்நிறுவனம் 'திருப்பித் தர வேண்டியது' ஒன்றுமில்லை. மருத்துவமனைகளின் வரவுப் பதிவேடுகளோ வேறொரு செய்தியைச் சொல்லும்.

நூறு ரூபாயின் பயணம்

கொடைக்கும் இழப்பீட்டுக்கும் இடையேயான அளவு வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் காணலாம். பெற்ற காப்புக்கட்டணத்தில் எத்தனை விழுக்காடு இழப்பீடாக வெளிச்செல்கிறது என்பதே இழப்பீட்டு விகிதம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கையின்படி, உடல்நலக் காப்பீட்டில் இவ்விகிதம் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டியது. உடல்நலக் காப்பீட்டை மட்டும் நடத்தும் தனி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்தது.

தனி நிறுவனம் ஒன்றில் ஒருவர் செலுத்தும் 100 ரூபாயில் 65 ரூபாய் மருத்துவச் செலவாகத் திரும்புகிறது எனலாம். எஞ்சியது முகவர் தரகு, அலுவலகச் செலவு, விளம்பரம் ஆகியவற்றிற்குப் போக, விளக்கத்துக்காக 5 ரூபாய் ஆதாயம் எனக் கொள்வோம். அதில் 2 விழுக்காடு 10 காசு. இழப்பீட்டு விகிதம் 65இலிருந்து 66 ஆக உயர்ந்தால் கூடுதலாகத் திரும்புவது 1 ரூபாய், அதாவது கொடையின் பத்து மடங்கு. மறுக்கப்பட்ட கோரிக்கைகளுள் சிலவற்றை ஏற்பதாலேயே ஒரு நிறுவனம் தன் ஆண்டுக்கொடை முழுவதையும் விஞ்சிய பயனை ஊர்களுக்கு அளித்துவிட முடியும்.

இதை உணர்ந்தே அமெரிக்க நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், தனிநபர் காப்பீட்டிலும் சிறுகுழுக் காப்பீட்டிலும் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடும், பெருங்குழுக் காப்பீட்டில் 85 விழுக்காடும் மருத்துவத்துக்கும் அதன் தர மேம்பாட்டுக்கும் செலவாக வேண்டும் என விதித்தது. குறைந்தால் வேறுபாட்டை வாடிக்கையாளருக்கே திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் அத்தகைய கீழ்வரம்பு இல்லை. நிருவாகச் செலவுக்கு மேல்வரம்பே உண்டு. 2023 விதிமுறைகளின்படி தனி உடல்நல நிறுவனங்களுக்கு அது மொத்தக் கட்டணத்தில் 35 விழுக்காடு. மேல்வரம்பு, கீழ்வரம்பு என்னும் இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்போலத் தோன்றலாம். ஆனால், திருப்பித் தரும் கடமை என்பது கீழ்வரம்பு உள்ள இடத்திலேயே பிறக்கிறது.

அரசுத் திட்டமும் அரசு மருத்துவமனையும்

புதுக்கோட்டைச் சிற்றூர்களின் பெரும்பான்மைக் குடும்பங்கள் காப்பீட்டை அறிந்தது தனியார் நிறுவன முகவர் வழியாக அன்று. அரசு அட்டையின் வழியாகவே. 2009 ஜூலை 23 அன்று உயிர் காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பை ஸ்டார் ஹெல்த் நிறுவனம் ஏற்றது. ஆட்சி மாற்றத்திற்குப் பின், 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியா வழியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டுக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பு விரிந்தது. தொடக்கத்தில் 72,000 ரூபாயாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கான ஆண்டுக் கட்டணம் 849 ரூபாய். அதைச் செலுத்துவது அரசு. கிராம நிருவாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்லும் குடும்பம் தன் கைப்பணம் எதையும் கட்டணமாகத் தருவதில்லை.

இத்திட்டத்தின் தனித்தன்மை அதில் அரசு மருத்துவமனைகளும் பங்கேற்பதே. அரசு மருத்துவமனையில் சிகிச்சை எப்படியும் கட்டணமற்றது; பிறகு காப்பீடு எதற்கு என்னும் ஐயம் இயல்பானது. விடை மருத்துவமனையின் வரவில் உள்ளது. அட்டை உடைய நோயாளி ஒருவர்க்கு, பட்டியலிலுள்ள அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மருத்துவமனையிலுள்ள தொடர்பு அலுவலர் ஆவணங்களை அனுப்பிக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்அனுமதி பெறுகிறார். சிகிச்சை முடிந்தபின் அச்சிகிச்சைக்கு வரையறுக்கப்பட்ட தொகை மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. அரசு மருத்துவமனை அத்தொகையைக் கொண்டு மருந்துகள், எலும்பு முறிவுக்கான தகடுகள், உள்வைப்புகள் முதலியவற்றை வாங்கலாம்; கருவிகளைப் பழுது பார்க்கலாம்; வசதிகளை மேம்படுத்தலாம். ஒரு பகுதி சிகிச்சைக் குழுவினர்க்கு ஊக்கத்தொகையாகிறது. மற்றொரு பகுதி, உறுப்பு மாற்று, செவி உள்வைப்புப் போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கான மாநிலத் தொகுப்பு நிதியில் சேர்கிறது.

மருத்துவமனைக்கு ஒதுக்கப்படும் ஆண்டு நிதி மேலிருந்து கீழே வருவது. எத்தனை படுக்கை, எத்தனை பணியிடம் என்னும் கணக்கில் முன்பே தீர்மானிக்கப்படுவது. காப்பீட்டுத் தொகையோ நோயாளியைப் பின்தொடர்ந்து வருவது. அறந்தாங்கியிலிருந்தோ திருமயத்திலிருந்தோ வரும் ஒருவரின் சிகிச்சை, தனக்கு அடுத்து அதே கட்டிலில் படுக்கப் போகிறவர்க்கு ஒரு கருவியை விட்டுச்செல்கிறது. காப்பீட்டு நிறுவனம் உள்ளூருக்குத் திருப்பித் தருதல் என்பதன் மிகத் துல்லியமான வடிவம் இதுவே எனலாம். இதில் அடிக்கல் நாட்டுவிழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அதனால் இது யாருடைய ஆண்டறிக்கையிலும் நிழற்படமாவதில்லை.

புதுக்கோட்டைக்கு இதன் பொருத்தம் 2017க்குப் பின் மிகுந்தது. அவ்வாண்டுதான் முள்ளூரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முன், மாவட்டத் தலைமை மருத்துவமனையால் இயலாதவற்றுக்குத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை என்று மூன்று திசைகளிலும் நோயாளிகள் அனுப்பப்பட்டனர். நோயாளி எங்குச் செல்கிறாரோ அங்கேயே காப்பீட்டுத் தொகையும் செல்லும் என்பதால், புதுக்கோட்டைக் குடும்பங்களின் பெயரில் அரசு செலுத்திய கட்டணம் அண்டை மாவட்ட மருத்துவமனைகளையே வளர்த்தது. இம்மாவட்டத்தில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவம் கற்கவும் பணி செய்யவும் சென்னைக்குப் பெயர வேண்டியிருந்ததும், பொதுமக்கள் நன்கொடையைத் திரட்டி அவர் முன்னின்று அமைத்த புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அடையாற்றில் எழுந்ததும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. காலம் வேறு, காரணங்கள் வேறு. ஆயினும் மருத்துவ முதலீடு பெருநகரை நோக்கிச் சாய்வது புதிய போக்கன்று.

இத்திட்டத்தின்மீது வைக்கப்படும் குறைகளையும் ஒதுக்கிவிட இயலாது. அரசின் பணம் அரசு நிறுவனம் ஒன்றுக்குக் கட்டணமாகப் போய், அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குத் திரும்புகிறது என்றால், இடையில் ஒரு நிறுவனம் எதற்கு என்னும் வினா வலுவானது. கருநாடகம் முதலிய மாநிலங்கள் நிறுவனத்தை விலக்கி, அறக்கட்டளை வாயிலாக அரசே நேரடியாக நடத்தும் முறையைப் பின்பற்றுகின்றன. அடுத்தது, பணம் அறுவை அரங்கு உள்ள இடத்துக்கே செல்கிறது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை தரும் ஆரம்பச் சுகாதார நிலையம் காப்பீட்டால் ஈட்டுவது ஏதுமில்லை. அந்த மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் தவிர்க்கக்கூடிய இதய அறுவைக்கு மட்டும் காப்பீடு உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவ்விடைவெளியில் செயல்படுவது. அதன் செலவு காப்பீட்டிலிருந்து வருவதன்று. மணமேல்குடிக் கடற்கரையில் வாழும் மீனவக் குடும்பத்தின் பார்வையில் நோக்கினால், 'ஊருக்குத் திரும்பிய' பணம் இன்னும் மாவட்டத் தலைநகர்வரையே வந்திருக்கிறது.

மொய் விருந்து: ஊர் தானே நடத்தும் கணக்கு

இதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், மாங்காடு, அணவயல், குளமங்கலம் முதலிய ஊர்களிலும், அவற்றை அடுத்துள்ள தஞ்சாவூர் மாவட்டப் பேராவூரணி வட்டாரத்திலும், ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடைபெறுகிறது. திருமணமோ காதணி விழாவோ இல்லாமல், மொய் பெறுவதற்கென்றே நடத்தப்படும் விருந்து இது. பலர் கூடி ஒரே பந்தலில் நடத்திச் செலவைப் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி இடம், தனித்தனி எழுத்தர், தனித்தனி நோட்டு. ஆட்டுக்கறி விருந்துண்டவர், தாம் முன்பு பெற்ற மொய்யைத் திருப்பியும் அதற்கு மேல் புதிதாகச் சேர்த்தும் எழுதிச் செல்வர். ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை முறை வரும். அண்மைக் காலத்தில் கணினியும் பணம் எண்ணும் பொறியும் வங்கி ஊழியரும் பந்தலுக்கு வந்துவிட்டனர். கோடிக்கணக்கில் மொய் விழுந்த விருந்துகள் செய்தியாயின. திரண்ட பணம் வீடு கட்டவும், ஆழ்துளைக் கிணறு தோண்டவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், தொழில் தொடங்கவும், மருத்துவச் செலவுக்கும் பயன்படுகிறது.

மொய்யைக் காப்பீடு என்று கூறிவிடுவது எளிது; சரியன்று. காப்பீட்டில் இழப்பு நேர்ந்தவர்க்கே தொகை. நேராதவர்க்கு எதுவும் திரும்பாது. மொய்யில் இழப்பு ஒரு நிபந்தனையன்று. முறை வந்தவர்க்குத் தொகை, பெற்றவர் அனைவரும் திருப்பித் தந்தாக வேண்டும். இது சுழற்கடனுக்கும் சீட்டுக்கும் நெருங்கிய உறவுடையது. ஆவணமற்ற, வட்டி பேசப்படாத கடன் என்றும் கூறலாம். ஆயினும் காப்பீடு செய்யத் தவறும் இரண்டை மொய் செய்கிறது. ஒன்று, கணக்கின் வெளிப்படை. யார் எவ்வளவு எழுதினார், அவருக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்பது இரு வீட்டு நோட்டுகளிலும் உள்ளது. ஐயம் எழுந்தால் புரட்டிப் பார்த்துவிடலாம். மற்றொன்று, பணத்தின் உள்ளூர்ச் சுழற்சி. பந்தல் அமைப்பவர், சமையல்காரர், ஆடு வளர்ப்பவர், வாழையிலை அறுப்பவர் என்று விருந்தின் செலவும் அவ்வட்டாரத்துக்குள்ளேயே பரவுகிறது.

மொய்யின் கடுமையையும் மறைக்க வேண்டியதில்லை. திருப்பிச் செய்ய இயலாதவர் மானக்கேட்டுக்கு அஞ்சி வெளிக்கடன் வாங்குவது உண்டு. உறவும் செல்வாக்கும் உள்ளவர்க்குக் கூட்டம் சேரும். இல்லாதவர்க்குப் பந்தல் நிறையாது. எழுதத் தொடங்கியவர் எளிதில் விலகவும் முடியாது. ஒவ்வொரு முறையும் சேரும் புது மொய் அடுத்த முறைக்கான கடனாகிவிடுவதே காரணம்.

இம்முறையின் அடிப்படை வரம்பை 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் வெளிக்காட்டியது. கீரமங்கலம், வடகாடு பகுதியின் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. மொய் எழுத வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே நேரத்தில் இழப்புக்கு ஆளாயினர். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் விருந்துகளும் வசூலும் தளர்ந்தன. பெருந்தொற்று ஊரடங்கு அத்தளர்ச்சியை நீட்டித்தது. ஒருவர்க்கு நேரும் இடரை ஊர் தாங்கும். ஊருக்கே நேரும் இடரை ஊருக்கு வெளியிலுள்ளோரே தாங்க முடியும். தொலைவிலுள்ள முகமறியாதவர்களின் பணத்தை இழப்பு நேர்ந்த ஊருக்குக் கொண்டுவருவதே காப்பீட்டின் தனித்தொழில். ஆகவே, 'உள்ளூர்ப் பணம் உள்ளூருக்கே' என்னும் முழக்கத்தைக் காப்பீட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு. ஒரு நல்ல ஆண்டில் புதுக்கோட்டையிலிருந்து கட்டணம் வெளியேறுவதும், ஒரு கெட்ட ஆண்டில் பன்மடங்காக உள்ளே வருவதுமே அதன் ஒழுங்கு. கெட்ட ஆண்டில் வந்ததா என்பதே கேட்கப்பட வேண்டியது.

மொய்யின் வடிவம் ஊர் எல்லையைக் கடந்த தருணமும் உண்டு. 2024 வயநாட்டு நிலச்சரிவின்போது இம்மாவட்டத் தேநீர்க்கடை ஒன்றில் தேநீர் அருந்தியவர்கள் விரும்பிய தொகையை மொய்யாக இட்டு நிவாரணத்துக்கு அனுப்பினர். அங்கு எழுதியவர்க்குத் திரும்பி வரும் மொய் இல்லை. கடன் என்னும் வடிவம் கொடை என்னும் பொருளைத் தாங்கியது.

கூடலூரின் எடுத்துக்காட்டு

ஊர்க்கணக்கின் வெளிப்படையும் காப்பீட்டின் பரப்பும் இணைய முடியுமா என்பதற்கு நீலகிரி மாவட்டக் கூடலூர் ஒரு சான்று. அங்குப் பழங்குடி மக்களின் சங்கமும், 'அக்கார்டு' தொண்டு நிறுவனமும், 'அஸ்வினி' மருத்துவமனையும் சேர்ந்து 1992 முதல் உடல்நலக் காப்பீட்டை நடத்தின. காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது சங்கம். உறுப்பினர் தனித்தனியே அல்லர். ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று கட்டணம் திரட்டப்பட்டது. தொகை போதவில்லையெனில் அதை மக்களிடமே விளக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் விதிகள் எவற்றை விலக்குகின்றன என்பது கூட்டங்களில் பேசப்படும் செய்தியாயிற்று. மருத்துவமனையும் அம்மக்களுடையது என்பதால், பெறப்பட்ட இழப்பீடு அவர்களுடைய கட்டடத்துக்கே திரும்பியது. இம்முறையை வேறிடத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. அதன் பின்னே பல்லாண்டு அமைப்புப் பணி உண்டு. ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் கேள்வி கேட்கும் நிலையில் ஓர் ஊர் நிற்க வேண்டுமெனில், தனி அட்டைதாரராக அன்றித் தொகுதியாக நிற்க வேண்டும் என்பது அங்குத் தெளிவாயிற்று.

புதுக்கோட்டைக்கு அத்தகைய தொகுதியாகும் அனுபவம் இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை எழுத்தோடு மிதிவண்டியும் கற்க வைத்தது. கையெழுத்திடக் கற்றவர்கள் குவாரிக் குத்தகைக் கணக்கையும் படிக்கத் தொடங்கினர். இன்று அவ்வூர்களின் வீடுகளில் உள்ள காப்பீட்டு அட்டையும், மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் தாள்களும் அன்றைய குவாரிக் கணக்கினும் கடினமான வாசிப்பைக் கோருவன.

கணக்கு எந்த அலகில் எழுதப்படுகிறது

சமூகப் பொறுப்புச் செலவைப் பற்றிய ஆண்டறிக்கைப் படிவம், ஒவ்வொரு பணியும் எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் நடந்தது, அது உள்ளூர்ப் பகுதியா என்று கேட்கிறது. எனவே, ஒரு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு எவ்வளவு கொடையளித்தது என்பதை ஆய்வாளர் எவரும் கண்டறியலாம். அதே நிறுவனம் அம்மாவட்டத்திலிருந்து எவ்வளவு கட்டணம் பெற்றது, எவ்வளவு இழப்பீடு தந்தது என்பதற்கு இத்தகைய வாயில் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களின் காலாண்டு வெளிப்படுத்தல்கள் வணிகத்தை மாநில அளவிலேயே பிரித்துக் காட்டுகின்றன. மேற்கண்ட கணக்கின் மொழியில் கூறினால், 10 காசுக்கு மாவட்ட முகவரி உண்டு. 100 ரூபாய்க்கு இல்லை.

இந்நிலையில் 2024இல் வெளிவந்த ஊரக, சமூகத் துறைக் கடப்பாட்டு விதிமுறைகள் கருதத்தக்க ஒரு மாற்றத்தைச் செய்தன. காப்பீட்டு நிறுவனங்கள் ஊரகப் பகுதியில் குறிப்பிட்ட அளவு வணிகம் செய்ய வேண்டும் என்னும் கடப்பாடு முன்பே இருந்தது. அது நிறுவனத்தின் மொத்த வணிகத்தில் ஒரு விழுக்காடாக அளக்கப்பட்டது. எங்கோ சில ஊர்களில் விற்று அக்கணக்கை நிறைவு செய்துவிட முடிந்தது. புதிய விதிமுறைகள் கிராம ஊராட்சியை அலகாக ஏற்றன. இன்ன ஊராட்சியில் இத்தனை பேர் காப்பீடு பெற்றுள்ளனர் என்று நிறுவனங்கள் கணக்கிட வேண்டியதாயிற்று. புதுக்கோட்டையின் ஊராட்சிகள் அனைத்தும் காப்பீட்டுக் கணக்கில் தனித்தனிப் பெயர்களாக இடம்பெறுவதற்கான வழி இவ்வாறு திறந்துள்ளது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் வரவுசெலவும் ஊரக வேலைத்திட்டக் கணக்கும் அங்குப் படிக்கப்படுகின்றன. ஊராட்சி அலகில் காப்பீட்டுக் கணக்கு உருவாகுமெனில், அதையும் அங்கே வைப்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நிருவாகம் கேட்டுப் பெற்றாலே போதும். ஆனால் விதிமுறைகள் ஊராட்சிதோறும் எண்ணச் சொல்வது காப்பின்கீழ்க் கொணரப்பட்ட உயிர்களை. அவ்வூர் அவ்வாண்டில் எத்தனை கோரிக்கைகளை வைத்தது, எத்தனை ஏற்கப்பட்டன, அத்தொகை எந்த ஊர் மருத்துவமனையில் சேர்ந்தது என்னும் மூன்று பத்திகளும் அப்படிவத்தில் இன்னும் சேர்க்கப்பட வேண்டியவை.